குறையா, பிழையா? ஈடிபஸ் பற்றிய ஆய்வுத் துணிபுகளின் வரலாறு

சோபோக்ளிஸின் 'அரசன் ஈடிபஸ்' நாடகத்தைப் பயில்வோர் எழுதும் கட்டுரைகளில், ஈடிபஸின் செருக்கே அவனை வீழ்த்தியது என்ற கூற்று மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. பாத்திரத்தின் இயல்பு ஒன்றைச் சுட்டி, அதை நாடகத்தின் மையப்பொருளோடு காரண காரியமாகப் பிணைத்து, ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதால், திறனாய்வுக் கல்வி எதிர்பார்க்கும் 'ஆய்வுத் துணிபு' என்ற வடிவத்துக்கு இக்கூற்று முற்றும் பொருந்திவருகிறது. ஆய்வுத் துணிபு என்பது ஒரு படைப்பைப் பற்றி எழுதுபவர் நிறுவ முற்படும் கூற்று. அது கதைச்சுருக்கமாக அமைதல் ஆகாது, பிறர் மறுப்பதற்கு இடமளிக்க வேண்டும், படைப்புக்குள்ளிருந்தே சான்று காட்டத்தக்கதாகவும் இருக்க வேண்டும். செருக்கு பற்றிய கூற்றுக்கு முதல் இரண்டு தகுதிகளும் உண்டு. மூன்றாவதில்தான் அது தடுமாறுகிறது. கிரேக்க நாடகத்தைப் போலவே பழமையானதென்று பொதுவாக நம்பப்படும் இக்கூற்று, முழு வடிவம் பெற்று முந்நூறு ஆண்டுகளைச் சற்றே கடந்திருக்கிறது என்பதும், அதற்கு மூலமாகக் காட்டப்படும் அரிஸ்டாட்டில் அதைச் சொல்லவில்லை என்பதும் அதன் வரலாற்றைப் பின்தொடரும்போது தெளிவாகின்றன. அவ்வரலாறு பெருமளவுக்கு 'ஹமார்ட்டியா' என்ற ஒற்றைக் கிரேக்கச் சொல்லின் வரலாறு.

நாடகம் தரும் நிரல்

நாடகத்தில் எது எப்போது நிகழ்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இந்நாடகம் பற்றிய பிழையான துணிபுகளுள் பல, காலநிரலைக் குழப்பிக்கொண்டதால் பிறந்தவை. திரை விலகும்போது தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. அரசன் ஈடிபஸ் தன் மைத்துனன் கிரியோனை டெல்ஃபிக்கு, அதாவது அப்பொல்லோ தெய்வத்தின் வாக்குக் கேட்கும் தலத்துக்கு, ஏற்கெனவே அனுப்பியிருக்கிறான். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவன் நகரில் இருக்கும்வரை நோய் நீங்காது என்ற விடை வருகிறது. கொலையாளியைச் சபித்து ஆணையிடும் ஈடிபஸ், குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸை வரவழைக்கிறான். அவர் வாய்திறக்க மறுக்கவே சினக்கிறான். அவரும் கிரியோனும் சதி செய்வதாகக் குற்றஞ்சாட்டுகிறான். மூன்று சாலைகள் கூடுமிடத்தில் லாயஸ் கொல்லப்பட்டதாக அரசி ஜொகாஸ்டா சொல்லும்போது அவனுக்கு அச்சம் தொடங்குகிறது. பின்னர்க் கொரிந்து நகரிலிருந்து ஒரு தூதன் வருகிறான்; இறுதியில் ஒரு முதிய இடையன் விசாரிக்கப்படுகிறான். அவ்விசாரணையின் முடிவில், தான் கொன்றது தந்தையை, மணந்தது தாயை என்பதை ஈடிபஸ் அறிகிறான். ஜொகாஸ்டா தூக்கிட்டுக்கொள்ள, அவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

கொலையும் மணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே முடிந்தவை. டைரீசியஸிடம் காட்டிய சினமோ கிரியோன்மீது கொண்ட ஐயமோ அவற்றில் எதையும் விளைவிக்கவில்லை. ஈடிபஸ் அன்று பொறுமையின் வடிவாகவே நடந்துகொண்டிருந்தாலும் அவன் தந்தையைக் கொன்றவனாகவே இருந்திருப்பான். ஷில்லர் 1797 அக்டோபரில் கதேக்கு எழுதிய மடலில், இந்நாடகம் முற்றிலும் ஒரு பகுத்தாய்வு போன்றது, எல்லாம் முன்பே அங்கு இருக்கிறது, அது விரித்துக் காட்டப்படுவது மட்டுமே நிகழ்கிறது என்ற கருத்தை வெளியிட்டார். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், மேடையில் காணும் குணத்தை மேடைக்கு வெளியே நிகழ்ந்த செயலுக்குக் காரணமாக்கும் எந்தத் துணிபும் முதற்படியிலேயே இடறுவது புலப்படும்.

அரிஸ்டாட்டில் சொன்னது

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்டாட்டில், நாடகம் மேடையேறிய தலைமுறைக்குப் பிந்தியவர். அவருடைய 'கவிதையியல்' நூல் துன்பியல் நாடகத்தின் உயிர் கதைப்பின்னல் என்றும் பாத்திர இயல்பு அதற்கு அடுத்த இடத்தது என்றும் ஆறாம் இயலில் வரையறுக்கிறது. பதின்மூன்றாம் இயலில், இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பவல்ல தலைவன் எத்தகையவன் என்ற வினா எழுகிறது. மிக நல்லவன் வீழ்வது அருவருப்பூட்டும். தீயவன் வீழ்வது இரக்கமூட்டாது. ஆகவே இடைப்பட்ட ஒருவன், தீக்குணத்தால் அன்றி ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால் வீழ வேண்டும் என்பது அவர் விடை. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் ஈடிபஸும் தியெஸ்டஸும்.

தீக்குணம் அன்று என்று விலக்கிய அதே மூச்சில்தான் ஹமார்ட்டியாவை அவர் சொல்கிறார் என்பது கவனத்துக்குரியது. ஹமார்ட்டியாவின் வேர்வினை, ஹோமரின் காப்பியங்களில் எறிந்த வேல் குறி தவறுவதைக் குறிக்கிறது. தமிழில் இதற்கு இணையான சொல்லைத் தேடுபவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், யானைமீது எறிந்து குறிதவறிய வேலைச் சொல்ல வள்ளுவர் ஆளும் வினை 'பிழைத்தல்'. குறி தவறுதலிலிருந்து தவறு செய்தல் என்ற பொருளுக்கு நகர்ந்த பாதையும் இரு சொற்களுக்கும் ஒன்றே. உயிர் தப்புதலையும் அதே சொல் குறிப்பது தமிழின் தனிப்பேறு. குழந்தையாக மலையில் சாக விடப்பட்டுப் பிழைத்த ஈடிபஸின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிரேக்கத்திலும் இல்லை. 'குறை' என்பதோ ஒருவரிடம் நிலையாக உள்ள இன்மையைக் குறிப்பது. அது செயலைச் சுட்டாது, ஆளைச் சுட்டும். ஹமார்ட்டியாவைப் 'பிழை' என்று பெயர்ப்பதற்கும் 'குறை' என்று பெயர்ப்பதற்கும் இடையிலான தொலைவுதான் இக்கட்டுரை பின்தொடரும் வரலாறு முழுவதும்.

அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' இதற்கு வலுவான துணை தருகிறது. அந்நூலின் ஐந்தாம் பகுதியில், ஒருவன் தான் அடிப்பது ஒரு மனிதனை என்று அறிந்தும், அம்மனிதன் தன் தந்தை என்று அறியாமல் அடிக்கக்கூடும் என்ற எடுத்துக்காட்டு வருகிறது. அறியாமல் செய்தது விருப்பத்தோடு செய்ததாகாது என்று அவர் வாதிடுகிறார். அதே இடத்தில் தீங்கு விளைக்கும் செயல்களை மூன்றாகவும் பிரிக்கிறார்: எதிர்பார்க்கவே இயலாத விபத்து, எதிர்பார்த்திருக்கக்கூடிய ஆயினும் தீய எண்ணமற்ற பிழை, அறிந்தே செய்த அநீதி. நடுவில் உள்ளது 'ஹமார்ட்டெமா', ஹமார்ட்டியாவின் உடன்பிறப்புச் சொல்.

செருக்கு என்று இன்று பெயர்க்கப்படும் 'ஹூப்ரிஸ்' அந்தப் பதின்மூன்றாம் இயலில் இடம்பெறவே இல்லை. ஏதென்ஸ் நகரில் ஹூப்ரிஸ் என்பது வழக்குத் தொடுக்கத்தக்க குற்றம். பிறனை இழிவுபடுத்தும் இன்பத்துக்காக அவமதித்தல் என்று அரிஸ்டாட்டிலே தம் 'சொற்பொழிவியல்' நூலில் விளக்குகிறார். உள்ளத்தின் அகந்தை என்ற பொருள் பின்னால் அதன்மேல் ஏற்றப்பட்டது.

பிழை தீக்குணமான கதை

கவிதையியல் இடைக்கால ஐரோப்பாவை வந்தடைந்த வழி சுற்றுவழி. இப்னு ருஷ்து அரபு மொழியில் எழுதிய விளக்கவுரையை ஜெர்மானியரான ஹெர்மன் 1256இல் டொலிடோவில் லத்தீனாக்கினார். அதில் துன்பியல் என்பது புகழ்ந்துரைக்கும் கலையாகவும் இன்பியல் என்பது இகழ்ந்துரைக்கும் கலையாகவும் உருமாறியிருந்தன. நாடக அரங்கே இல்லாத சூழலில் நாடகக் கோட்பாட்டை வாசித்தவர்களைக் குறைசொல்ல இயலாது. ஜோர்ஜோ வாலாவின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1498இலும், வெனிஸின் ஆல்டஸ் அச்சகத்திலிருந்து சோபோக்ளிஸின் நாடகங்கள் 1502இலும், கவிதையியலின் கிரேக்க மூலம் 1508இலும் அச்சேறிய பிறகே கோட்பாடும் நாடகமும் ஒருங்கே படிக்கப்படும் நிலை வந்தது. ரொபொர்தெல்லோவின் விரிவுரை 1548இல் வெளிவந்தது. விச்சென்ஸா நகரின் ஒலிம்பிக்கோ அரங்கு 1585 மார்ச் 3 அன்று திறக்கப்பட்டபோது அங்கே நடிக்கப்பட்டது ஈடிபஸ் நாடகமே.

இக்காலத்தில் ஹமார்ட்டியாவுக்கு லத்தீனில் இரண்டு சொற்கள் போட்டியிட்டன: தவறு என்னும் 'எர்ரோர்', பாவம் என்னும் 'பெக்காத்தும்'. இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் பெரும் வலிமை நின்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஹமார்ட்டியா என்பது பாவத்துக்கு வழங்கும் சொல். லத்தீன் விவிலியம் அதைப் 'பெக்காத்தும்' என்றே பெயர்த்திருந்தது. விவிலியம் வழியாகவே கிரேக்கம் கற்ற வாசகருக்கு அரிஸ்டாட்டிலின் பக்கத்திலும் அதே பொருள் தோன்றியது இயல்பு. அறம் செய்தவர் வாழவும் தீங்கு செய்தவர் தண்டனை பெறவும் நாடகம் வகைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது. தாமஸ் ரைமர் 1678இல் அதற்குக் 'கவிதை நீதி' என்று பெயரிட்டார். வீழ்ச்சி தண்டனையாகிவிட்டால், தண்டனைக்கு ஒரு குற்றம் வேண்டும். குற்றம் கதையில் காணப்படாவிட்டால், குணத்தில் தேட வேண்டும்.

இத்தேடலுக்கு அக்காலத்திலேயே ஒரு தடையும் எழுந்தது. பியேர் கொர்னெய் 1659இல் தாமே ஒரு ஈடிபஸ் நாடகத்தை அரங்கேற்றியவர். மறு ஆண்டு வெளியிட்ட துன்பியல் பற்றிய உரையில், ஈடிபஸ் தந்தையைக் கொன்றாலும் அவரை அறியாததால் எந்தத் தவறும் செய்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், தன்னைத் தாக்கிய அந்நியனோடு வழிக்காகப் போராடிய துணிவுள்ள மனிதன் மட்டுமே அவன் என்றும் எழுதினார். அரிஸ்டாட்டில் ஏன் ஈடிபஸை எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பது அவருக்குப் புதிராகவே இருந்தது. ஒரு நாடக ஆசிரியருக்கு இந்த இடர்ப்பாடு தட்டுப்பட்டது தற்செயல் அன்று. பாத்திரத்தை மேடையில் நடக்கவைக்க வேண்டியவருக்கு, அவன் எந்த நொடியில் என்ன அறிந்திருந்தான் என்ற கணக்கு தப்பாது.

புதிருக்கு விடையளிக்க முன்வந்தவர் ஆந்த்ரே தசியே. 1692இல் வெளிவந்த அவருடைய கவிதையியல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் குறிப்புகளில், ஈடிபஸின் ஹமார்ட்டியா கொலையோ மணமோ அன்று, செருக்கு, வன்முறை, சினம், துடுக்கு, விவேகமின்மை ஆகியவையே என்று அவர் அறுதியிட்டார். இந்நூல் 1705இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கொர்னெயின் வினாவுக்கு இது விடையே; ஆனால் தீக்குணத்தால் வீழ்பவன் அல்லன் என்று அரிஸ்டாட்டில் எழுதிய தொடருக்குப் பக்கத்திலேயே தீக்குணங்களின் பட்டியல் ஒன்றை இது நிறுத்தியது. இன்றைய வகுப்பறைத் துணிபின் பிறப்பிடம் ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இந்தப் பட்டியலையே சுட்டலாம். பாத்திரமும் மையப்பொருளும் ஒரே முடிச்சில் விழுந்தன: ஈடிபஸ் செருக்குடையவன், ஆகவே நாடகம் செருக்குக்கு எதிரான பாடம். பதினெட்டாம் நூற்றாண்டுத் திறனாய்வு இதை அதிகம் கேள்விக்குள்ளாக்கவில்லை. வால்டேர் 1718இல் தம் ஈடிபஸ் நாடகத்தை அரங்கேற்றிய பின் 1719இல் வெளியிட்ட மடல்களில் சோபோக்ளிஸைக் கடுமையாகச் சாடினார் என்றாலும், அவர் கேட்டவை நம்பகத்தன்மை பற்றிய கேள்விகள்: இத்தனை ஆண்டுகள் அரசாண்டவன், முன்னவன் எப்படி இறந்தான் என்று விசாரிக்காமலா இருந்தான்?

ஊழ், விடுதலை, உள்மனம்

ஜெர்மானியச் சிந்தனையில் நாடகத்தின் மையம் குணத்திலிருந்து ஊழுக்கு நகர்ந்தது. ஷெல்லிங் 1795இல் வெளியிட்ட தத்துவ மடல்களுள் இறுதியானது, ஊழோடு போராடித் தோற்கும் மனிதன், தவிர்க்க இயலாத குற்றத்துக்கும் தண்டனையை மனமுவந்து ஏற்பதன் வழியே தன் விடுதலையை நிலைநாட்டுகிறான் என்று விளக்கியது. குற்றமற்றவன் தண்டிக்கப்படுவது அறத்துக்கு முரணாகத் தோன்றிய இடத்தில், அந்த முரணையே துன்பியலின் உட்பொருளாக்கியது இத்துணிபு. இது நாடகத்தைவிடப் பெரியதாக இருக்கிறது என்பது இதன் சிறப்பும் குறையும். ஊழ் நாடகம் என்ற இலக்கிய வகையே ஜெர்மன் மொழியில் உருவாகி, கிரில்பார்ட்ஸரின் 'மூதாட்டி' போன்ற படைப்புகளைத் தந்தது.

அந்த வகையின் தோல்வியிலிருந்துதான் சிக்மண்ட் பிராய்டு தம் வாதத்தைத் தொடங்கினார். 1897 அக்டோபரில் வில்ஹெல்ம் ஃபிளீஸுக்கு எழுதிய மடலில் முதலில் வெளிப்பட்டு, 1900 என்று ஆண்டிட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலில் விரிந்த அவ்வாதம் இதுதான்: ஊழுக்கும் மனித விருப்பத்துக்கும் இடையிலான போராட்டமே ஈடிபஸின் ஆற்றலுக்குக் காரணம் என்றால், 'மூதாட்டி' போன்ற பிற்கால ஊழ் நாடகங்கள் பார்வையாளரை ஏன் அசைக்கவில்லை? ஆகவே காரணம் போராட்டத்தில் அன்று, கதையின் பொருளில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் மழலைப் பருவத்து விருப்பமே அங்கு நிறைவேறுகிறது. தாயோடு கூடுவதாகக் கனவு காண்போர் பலர் உண்டு என்று ஜொகாஸ்டா ஆறுதல் கூறுமிடத்தை அவர் சான்றாக்கினார். இதற்கு வலுவான மறுப்பு 1967இல் ஜான் பியேர் வெர்னானிடமிருந்து வந்தது. தன்னை வளர்த்த கொரிந்து அரசன் பாலிபஸையும் அரசி மெரோப்பையுமே ஈடிபஸ் பெற்றோராக அறிந்தவன். உள்மன விருப்பம் அவனுக்கு இருந்திருந்தால் அது மெரோப்பை நோக்கியே இருந்திருக்க வேண்டும். அவனோ கொரிந்தை விட்டே ஓடிவிட்டவன். பிராய்டின் கூற்று பார்வையாளரைப் பற்றிய துணிபாக நிலைக்கலாம். பாத்திரத்தைப் பற்றிய துணிபாக நாடகத்தின் உள்ளே அதற்குப் பிடிமானம் குறைவு.

தேர்வுத்தாளின் செல்வாக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழிநூலறிஞர் ஹமார்ட்டியாவை மீண்டும் கையிலெடுத்தனர். வில்லமோவிட்ஸ் 1899இல், ஈடிபஸின் ஹமார்ட்டியா அறியாமையால் நேர்ந்த செயலே, குணக்கேடு அன்று என்று வாதிட்டார். பைவாட்டரின் 1909ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு அதைக் கணிப்புத் தவறாகவே பெயர்த்தது. அதற்கு முன்பே, 1895இல், புச்சர் தம் மொழிபெயர்ப்பில் தவறு என்ற சொல்லோடு மனித பலவீனம் என்ற பொருளையும் சேர்த்திருந்தார். அந்த இரண்டாம் சொல் வழியே 'குறை' மீண்டும் உள்ளே நுழைந்தது. இதே காலத்தில், 1904இல், பிராட்லியின் 'ஷேக்ஸ்பியரின் துன்பியல்' வெளிவந்தது. ஒரே திசையில் அழிவு நோக்கிச் சாயும் குணக்கூறு ஷேக்ஸ்பியரின் தலைவர்களிடம் உண்டு என்பது அவர் விளக்கம். அவர் பேசியது ஷேக்ஸ்பியரைப் பற்றி மட்டுமே. ஆயினும் அவர் வாய்பாட்டைக் கொண்டு சோபோக்ளிஸை வாசிப்பது பள்ளி, கல்லூரி வழக்காயிற்று.

'துன்பியல் குறை' என்ற தொடர் இருபதாம் நூற்றாண்டுக் கல்வியில் இத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு அதன் வசதியே காரணம் என்று கொள்வதில் தவறில்லை. மேக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஈடிபஸுக்குச் செருக்கு என்று கோடிட்ட இடத்தை நிரப்புவதுபோல் எந்தத் தலைவனுக்கும் ஒரு சொல்லைப் பொருத்திவிடலாம். அதன்பின் நாடகத்திலிருந்து அச்சொல்லுக்குச் சான்று திரட்டுவது மட்டுமே எஞ்சும். டைரீசியஸோடு நிகழும் வாக்குவாதம் அத்தகைய சான்றுகளைத் தாராளமாகவே தருகிறது. சான்று கிடைப்பதும் துணிபு நிறுவப்படுவதும் ஒன்றல்ல என்பதே இங்குத் தவறவிடப்பட்டது. ஈடிபஸ் சினமுடையவன் என்பது உண்மை. சினத்தால் வீழ்ந்தான் என்பது வேறு கூற்று.

இந்நிலையைத் தேர்வுத்தாள்களின் அடிப்படையிலேயே விவாதித்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த எரிக் ராபர்ட்சன் டாட்ஸ். கடவுளின் செயல்முறையை மனிதருக்கு நியாயப்படுத்த இந்நாடகம் முயல்கிறதா என்ற பொருளில் மாணவர்களுக்கு விடுக்கப்பட்ட வினாவுக்கு வந்த விடைகள் மூன்று வகைக்குள் அடங்கின என்று 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் பதிவு செய்தார். அவரவர் தகுதிக்கேற்றதே அவரவருக்குக் கிடைக்கிறது என்றனர் ஒரு சாரார். மனிதருக்குச் சுதந்திரமே இல்லை, தெய்வம் ஆட்டிவைக்கும் பொம்மைகள் அவர்கள் என்றனர் மற்றொரு சாரார். சோபோக்ளிஸ் தூய கலைஞர், இவ்வினாவே அவருக்குப் பொருந்தாது என்றனர் எஞ்சியோர். தசியேயின் பட்டியலும், ஜெர்மானியரின் ஊழும், அழகியல்வாதிகளின் தூய கலையும் ஒரே விடைத்தாள் கட்டுக்குள் மாணவர் கையெழுத்தில் கிடந்தன எனலாம்.

டாட்ஸின் மறுப்பு நாடகத்துக்குள் எது இல்லை என்பதைக் கவனித்தது. கி.மு. 467இல் அரங்கேறிய ஏஸ்கிலஸின் 'தீப்ஸுக்கு எதிரான எழுவர்' நாடகத்தில், பிள்ளை பெறாதே என்று லாயஸை அப்பொல்லோ மும்முறை எச்சரிக்கிறார், லாயஸ் மீறுகிறான். அங்கே குற்றமும் தண்டனையும் உண்டு. சோபோக்ளிஸோ அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார். வாக்கு நிபந்தனையற்ற முன்னறிவிப்பாக மட்டுமே வருகிறது. தந்தையின் குற்றத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தால் நீதி எளிதாக விளங்கியிருக்கும். வேண்டுமென்றே ஆசிரியர் விலக்கிய ஒன்றை வாசகர் மீண்டும் கொண்டுவந்து ஒட்டுவது சரியன்று. கி.மு. 401இல், ஆசிரியர் மறைவுக்குப் பின் மேடையேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், முதிய ஈடிபஸ் தான் அறியாமல் செய்ததையும் தற்காப்புக்காகத் தாக்கியதையும் சொல்லித் தன் குற்றமின்மையை வாதாடுகிறான் என்பதும் டாட்ஸுக்குத் துணைநின்றது. ஊழ்வாதிகளுக்கும் அவர் விடை வைத்திருந்தார்: முற்காலச் செயல்கள் விதிக்கப்பட்டவையாக இருக்கலாம், ஆனால் மேடையில் நிகழ்வதெல்லாம் ஈடிபஸின் சொந்தத் தேர்வு. நோய் தன் வழியில் போகட்டும் என்று அவன் விட்டிருக்கலாம். டெல்ஃபியின் விடையை அரண்மனைக்குள் தனியே கேட்டிருக்கலாம். டைரீசியஸும் ஜொகாஸ்டாவும் இடையனும் அடுத்தடுத்து வேண்டாம் என்று தடுத்தபோது நிறுத்தியிருக்கலாம்.

இவ்வாதத்துக்கு முன்னோடி பெர்னார்டு நாக்ஸ் 1957இல் வெளியிட்ட 'தீப்ஸில் ஈடிபஸ்'. நாக்ஸ் குணத்தின் பெயரைத் தேடவில்லை, சொற்களை எண்ணினார். வேட்டை, கடலோட்டம், உழவு, மருத்துவம், கணிதம், நீதிமன்ற விசாரணை ஆகியவற்றின் சொற்கள் ஈடிபஸின் பேச்சிலும் அவனைப் பற்றிய பேச்சிலும் நிறைந்திருப்பதையும், நாடகம் வளர வளர அதே சொற்கள் அவனுக்கெதிராகவே திரும்புவதையும் காட்டினார்: வேட்டைக்காரன் இரையாகிறான், மருத்துவன் நோயாகிறான், விசாரிப்பவன் குற்றவாளியாகிறான். அறிவின் துணையால் உலகை வசப்படுத்த முடியும் என்று நம்பிய பெரிக்ளிஸ் கால ஏதென்ஸின் உருவமே ஈடிபஸ் என்பது அவர் துணிபு. பாத்திரமும் மையப்பொருளும் இங்கேயும் பிணைந்தே வருகின்றன. ஆனால் பிணைப்பு தண்டனையால் அன்று, மொழியால் ஆகியது. வெர்னான் 1970களின் தொடக்கத்தில் இதை மேலும் நகர்த்தி, நகரத்தின் உச்சியில் உள்ள அரசனும் நகரத்தின் தீட்டைச் சுமந்து விரட்டப்படும் பலியாளும் ஒரே உருவின் இரு முகங்கள் என்றார். அவர் பார்வையில் ஈடிபஸுக்குத் தனி உளவியல் என்று ஒன்று வேண்டியதே இல்லை. கால்களின் எண்ணிக்கை பற்றிய, ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை விடுவித்தவன், வீங்கிய பாதத்தைப் பெயரிலேயே சுமப்பவன், தானே விடுகதையாகிவிடுகிறான்.

செருக்குத் துணிபுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வலுவான ஆதாரம் உண்டு. அதைக் கடந்துபோக இயலாது. முச்சந்திக் கொலையை ஈடிபஸ் நினைவுகூர்ந்த உடனே வரும் பாடற்பகுதியில், ஹூப்ரிஸே கொடுங்கோலனைப் பெற்றெடுக்கிறது என்ற பொருளில் நாடகத்தின் பாடற்குழுவான முதியோர் குழு பாடுகிறது. ஆயினும் அப்பாடல் சாடும் குற்றங்களுள் முறைகேடான பொருளாசை முதலியவை ஈடிபஸுக்குப் பொருந்துவன அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் பிளேட்ஸ், எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம்மாற்றி, கொடுங்கோன்மையே ஹூப்ரிஸைப் பெற்றெடுக்கிறது என்று பாடத்தைத் திருத்தவே முன்மொழிந்தார். துணிபுக்காக மூலத்தைத் திருத்துவது ஆபத்தான வழி. முதியோர் குழு எப்போதும் ஆசிரியரின் வாயாகப் பேசுவதில்லை, அச்சத்தில் காரணம் தேடித் தடுமாறும் குடிமக்களாகவே பேசுகிறது என்று கொள்வது மூலத்துக்கு ஊறு செய்யாத வழி.

இரண்டு கேள்விகள்

டாட்ஸின் விடையோடு விவாதம் முடிந்துவிடவில்லை. பிரெமர் 1969இல் ஹமார்ட்டியா பற்றித் தனிநூலே எழுதி, அறியாமையால் நேரும் பிழை என்ற பொருளை வலுப்படுத்தினார். ஸ்டிண்டன் 1975இல், அச்சொல்லை ஒரே பொருளுக்குள் அடைக்க இயலாது, முழு அறியாமையிலிருந்து உணர்ச்சிவேகத்தில் செய்யும் தவறுவரை அது பரந்து கிடக்கிறது என்று காட்டினார். இந்தப் பரப்பை ஏற்றுக்கொண்டால் பழைய வினா புதிய கூர்மையோடு திரும்புகிறது: ஈடிபஸின் செயல் எதிர்பார்க்கவே இயலாத விபத்தா, எதிர்பார்த்திருக்கக்கூடிய பிழையா?

இதற்கான விடை ஒரு குடிகாரனிடம் இருக்கிறது. கொரிந்தில் நடந்த விருந்தொன்றில், மது மிகுந்த ஒருவன், நீ உன் தந்தையின் மகன் அல்லை என்று ஈடிபஸைப் பார்த்துச் சொல்லிவிடுகிறான். பாலிபஸும் மெரோப்பும் சினந்து மறுத்தும் ஐயம் தீராத ஈடிபஸ், அவர்களுக்குத் தெரியாமல் டெல்ஃபிக்குப் போகிறான். அங்கு அவன் கேட்டது, தன்னைப் பெற்றவர் யார் என்பது. தெய்வம் அதற்கு விடை தரவில்லை. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று வேறொன்றைச் சொன்னது. கேட்டுவந்த கேள்வி அந்த நொடியிலேயே மறக்கப்படுகிறது. தந்தை யார் என்ற ஐயத்தோடு வந்தவன், பாலிபஸே தந்தை என்ற உறுதியோடு கொரிந்துக்கு எதிர்த்திசையில் நடக்கிறான். முச்சந்தியில் வண்டியோட்டி அவனை வழியிலிருந்து தள்ள, வண்டியிலிருந்த முதியவர் இருமுனைத் தாற்றுக்கோலால் தலையில் அடிக்க, அவன் திருப்பித் தாக்குகிறான். செருக்கோ சினமோ இங்கே முதற்காரணமாக வேண்டியதில்லை. அச்சுறுத்தும் விடை ஒன்று வந்ததும் கேள்வியைக் கைவிட்டதே பிழை. அது எவருக்கும் நேரக்கூடியது, ஆகவே அரிஸ்டாட்டில் கேட்ட இரக்கத்துக்கும் அச்சத்துக்கும் உரியது. பாத்திரத்தையும் மையப்பொருளையும் பிணைக்கும் துணிபு ஒன்றை இந்நாடகத்துக்கு எழுத வேண்டுமானால் அதன் பிடிமானம் இந்த இடத்தில் கிடைக்கிறது.

நாடகத்தின் இறுதி விசாரணை இதற்கு வலிவு சேர்க்கிறது. லாயஸைக் கொன்றவர் பலர் என்பது தப்பிவந்த ஒரே சாட்சியின் சொல், ஈடிபஸோ தனியன். ஒருவன் பலராக முடியாது, ஆகவே சாட்சி தன் எண்ணிக்கையில் உறுதியாக நின்றால் தான் கொலையாளி அல்லன் என்று அவன் ஜொகாஸ்டாவிடம் தெளிவாகவே கணக்கிடுகிறான். அந்தச் சாட்சியை அழைத்துவர ஆள் அனுப்புவதும் இதற்காகவே. சாண்டோர் குட்ஹார்ட் 1978இலும் ஃபிரெடெரிக் ஆல் 1991இலும், கொலைக் குற்றம் நாடகத்தில் சட்டப்படி நிறுவப்படவே இல்லை, ஈடிபஸ் தானே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறான் என்று வாதிட்டது இந்த ஓட்டையைப் பற்றிக்கொண்டே. அவன் குற்றமற்றவன் என்று காட்டுமளவுக்கு அவ்வாதத்தை நீட்டுவது முழு நாடகத்தின் போக்குக்கும் எதிரானது. ஆனால் அவர்கள் சுட்டிய ஓட்டை உண்மையானது. சாட்சி வந்துசேர்வதற்குள், பாலிபஸ் பெற்ற மகன் நீ அல்லை என்ற செய்தியைக் கொரிந்துத் தூதன் வெளியிட்டுவிடுகிறான். அச்சாட்சியாக வந்த இடையனே அன்று குழந்தை ஈடிபஸை மலையில் கைமாற்றியவன் என்பதும் தெரியவருகிறது. கொன்றவர் எத்தனை பேர் என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. டெல்ஃபியில் பிறப்பைப் பற்றிக் கேட்டு, கொலையைப் பற்றி விடை பெற்றவன், கொலையைப் பற்றிக் கேட்க வரவழைத்த கிழவனின் கையை முறுக்கச் சொல்லி, அந்தக் குழந்தையை உனக்குக் கொடுத்தது யார் என்று கேட்கிறான்.